ஏட்டில் இல்லாத பாட்டு

செம்பாறை நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த நூலானாலும் அரசவையில் அரங்கேறிய பிறகுதான் படியெடுத்து விற்கலாம். அரங்கேறாத ஓலை மடைப்பள்ளி அடுப்புக்குப் போகும். பனையோலை நன்றாக எரியும். அரண்மனையில் ஒருநாளும் சோறு தாமதமானதில்லை என்றால் அதற்கு நாட்டின் புலவர்களே காரணம் என்று சமையற்காரர்கள் நன்றியோடு சொல்வார்கள்.

ஏட்டுக்கூடத்து அதிகாரி பூவராகனுக்கு இந்த வழக்கம் தெரியாமல் இல்லை. ஆனால் மாசித் திருவிழாச் சந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆசை யாரை விட்டது? அரங்கேற்றத்துக்கு முன்பே எழுத்தர்களை உட்கார்த்தி, கூடம் கொள்ளாத அளவுக்குப் படியெடுத்துவிட்டார்.

படியெடுத்தது காப்பியமும் அல்ல, வைத்தியமும் அல்ல. ஒரு விளையாட்டு. 'மலைக்கோட்டைப் புதையல்' என்று பெயர். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள். நடத்துபவர் எதிரே என்ன இருக்கிறது என்று சொல்வார். வேடக்காரர் தான் என்ன செய்கிறேன் என்று சொல்வார். அது பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் தாயக்கட்டை தீர்த்துவைக்கும். கோட்டையின் அறைகள், காவலர், புலி எல்லாம் ஓலையில் உண்டு. கதை மட்டும் கிடையாது. அதை ஆடுகிறவர்களே கொண்டுவர வேண்டும்.

அரங்கேற்ற நாளன்று அரசவையில் ஆஸ்தானப் புலவர் திருமேனிக் கவிராயர் ஓலைக்கட்டைப் புரட்டினார். முகம் சுளித்தார்.

"மகாராஜா, இதில் முதல் இருக்கிறது, முடிவு இல்லை. வாலில்லாத மாட்டைச் சந்தையில் யார் வாங்குவார்? ஆடுகிறவன் இதில் இல்லாத ஒன்றைச் செய்தால் நூல் என்ன பதில் சொல்லும்?"

மகாராஜா இளவேழருக்கு அது நியாயமாகப் பட்டது.

"பூவராகரே, யார் எதைச் செய்தாலும் பதில் நூலிலேயே இருக்க வேண்டும். பௌர்ணமிக்குள் எழுதி வாரும். இல்லாவிட்டால் ஓலை அடுப்புக்கு. அவசரப்பட்டுப் படியெடுத்த உம்முடைய எழுத்தர்கள் விறகு பிளக்க."

பூவராகன் தம் எழுத்தர்களை நினைத்துக்கொண்டார். அவசரம் தன்னுடையது, கோடரி அவர்களுக்கா? எழுத்தாணி தவிர வேறொன்றும் பிடித்தறியாத கைகள் அவை.

வீட்டுக்குப் போய் முதல் அறையின் கதவில் தொடங்கினார். கதவைத் தள்ளலாம். உதைக்கலாம். தட்டலாம். அதன்மேல் சாய்ந்து அழலாம். வெற்றோலைக்கட்டு தீர்ந்தது, கதவு தீரவில்லை. அப்போது ஒரு யோசனை தோன்ற, எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பௌர்ணமியன்று பழைய ஓலைக்கட்டோடுதான் சபைக்கு வந்தார்.

"எழுதியாயிற்றா?" என்றார் மகாராஜா.

"ஓர் ஓலைதான் பாக்கி, மகாராஜா. ஆடிப் பார்க்காமல் எந்த விளையாட்டையும் நாங்கள் முடித்துக் கட்டுவதில்லை. தாங்களும் கவிராயரும் ஒருமுறை ஆடினால் அதுவும் முடிந்துவிடும். தங்கள் ஆணைப்படியே நடத்துகிறேன். நூலில் உள்ளது நடக்கும், இல்லாதது நடக்காது."

"எனக்குச் சமையற்காரன் வேடம் கொடும். தினமும் ராஜாவாக இருந்து அலுத்துவிட்டது."

கவிராயர் வேண்டாவெறுப்பாக வீரன் வேடத்தை எடுத்தார். உயரத்தை மட்டும் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.

"எதிரே ஒரு கதவு," என்றார் பூவராகன்.

"முழங்கையால் தள்ளுகிறேன். கையில் கரண்டி இருக்கிறது," என்றார் மகாராஜா.

பூவராகன் ஓலையைப் பார்த்தார். "கையால் தள்ளலாம் என்றுதான் இருக்கிறது. முழங்கை இல்லை."

மகாராஜா மனமில்லாமல் கரண்டியைக் கீழே வைத்தார். கதவு திறந்தது. உள்ளே தூசி.

"தும்முகிறேன்," என்றார் கவிராயர்.

"தும்மல் ஏட்டில் இல்லை. அடக்கிக்கொள்ளுங்கள்."

கவிராயர் நிஜமாகவே மூக்கைப் பிடித்துக்கொண்டார். சபையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் நகர்ந்து நகர்ந்து அருகே வந்துவிட்டிருந்தார்கள்.

"அடுத்த அறையில் புலி. பசியோடு இருக்கிறது. வீரரைப் பார்க்கிறது. ஓடலாம், அல்லது வாளை வீசலாம்."

"வாள் எதற்கு?" கவிராயர் எழுந்தே நின்றுவிட்டார். "தாலாட்டுப் பாடித் தூங்கவைக்கிறேன்!"

"பாட்டு ஏட்டில் இல்லை. புலி பாய்கிறது."

"என் பாட்டுக்கா?"

"வாயைத் திறக்கிறது."

"நிறுத்தும் ஐயா!" கவிராயர் கத்தினார். "ஏட்டில் இல்லாவிட்டால் என்ன? நடத்துகிற உமக்குப் புத்தி இல்லையா? இது நடக்குமா நடக்காதா என்று நீரே பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே! சந்தேகமென்றால் கட்டையை உருட்டச் சொல்லும்! இதைக்கூடவா எழுதிவைப்பார்கள்?"

பூவராகன் இடுப்பிலிருந்து ஒரு வெற்றோலையை எடுத்து நிதானமாக எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்.

"'ஏட்டில் இல்லாததை ஒருவர் செய்தால், நடத்துபவர் தம் புத்தியால் பார்த்துச் சொல்க. சந்தேகமென்றால் கட்டை உருட்டுக. இது திருமேனிக் கவிராயர் வாக்கு.' மகாராஜா, பாக்கியிருந்த ஓலை இதுதான். இனி யார் எதைச் செய்தாலும் நூலில் பதில் உண்டு."

மகாராஜா கவிராயரைப் பார்த்தார். "ஆட்சேபம் ஏதாவது உண்டா?"

தன் பெயர் ஏறிய ஓலையை அடுப்பில் போடச் சொல்ல எந்தப் புலவருக்கு மனம் வரும்? கவிராயர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அரங்கேறியது. முத்திரை வையுங்கள். எழுத்தர்கள் சந்தைக்குப் புறப்படட்டும்," என்றார் மகாராஜா.

பூவராகன் ஓலைகளைச் சேர்த்துக் கட்டத் தொடங்கினார். கவிராயர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் கிடக்கட்டும். புலி தூங்கிற்றா, இல்லையா?"

"பாடுங்கள். உருட்டுங்கள்."

கவிராயர் பாடினார். நெடும்பாட்டு. ஓர் அடியும் விடவில்லை. பிறகு கட்டையை உருட்டினார். தாயம் விழுந்தது.

பூவராகன் புத்தியால் பார்த்துச் சொன்னார். "புலி தூங்கிவிட்டது, கவிராயரே. பக்கத்தில் நின்ற சமையற்காரரும் தூங்கிவிட்டார்."

எல்லாரும் சிங்காசனத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். மகாராஜா தம் வேடத்துக்கு உண்மையாக இருந்தார். நன்றாகவே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.