அக்கரை நீர்நாயும் நாலு சாட்சியும்

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்தில் ஓர் ஆற்றங்கரை நாட்டைச் சேந்தன் என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஓர் ஆசை, மாலையில் வேறோர் ஆசை. ஓர் ஐப்பசி மழையில் சிம்மாசனம் சில்லென்றிருக்க, தை பிறப்பதற்குள் நீர்நாய்த் தோலில் மெத்தை வேண்டும் என்றார்.

செய்தி கேட்டு அக்கரை நாட்டிலிருந்து வேம்பன் என்ற பொறிக்காரன் வந்தான். நீர்நாய் பிடிப்பதில் கெட்டிக்காரன். தை பிறந்தால் நீர்நாய்க்கு ரோமம் உதிர்ந்துவிடும். அவன் வீட்டில் ஆறு பேர் இந்த ஒரு பருவத்தை நம்பித்தான் சாப்பிடுகிறார்கள்.

வன அதிகாரி பரமேட்டியாருக்கு வயிறெரிந்தது. அவர் மைத்துனனும் பொறிக்காரன்தான். அதுவரை பிடித்தது ஓர் அணில். உடனே ஒரு சட்டம் போட்டார்: வெளிநாட்டான் பொறி வைக்க அனுமதி ஓலை வேண்டும், ஓலை வேண்டுமானால், அவனைப் பிறந்ததிலிருந்து அறிந்த உள்ளூர்க்காரர் நாலு பேர் சாட்சி சொல்ல வேண்டும். வேம்பன் இரண்டு மாதம் அவர் வாசலில் நின்றான். அப்படி நிற்கிறவனுக்கு முதலில் காலுக்குத்தான் வயசாகும்.

மந்திரி அரியநாயகம் சட்டத்தைக் குறைசொல்லவில்லை. அருமையான சட்டம், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அக்கரை ராஜாவுக்கு ஒரு பிரதி அனுப்பினார். வேம்பனைத் தனியே அழைத்து, ஊருக்குப் போய் உங்கள் கரையோரத்தில் மூங்கில் படல் கட்டி உயிர்மீனை அடைத்து வை என்றார்.

ஒன்பதே நாளில் இக்கரையில் ஒரு நீர்நாய்கூட இல்லை.

"எங்கே போயின?" என்றார் ராஜா.

"அக்கரைக்கு, மகாராஜா. அதுகளுக்கு ஓலை தேவையில்லையே," என்றார் மந்திரி.

நீரே போய்ப் பிடித்து வாரும் என்று ராஜா கோபத்தோடு பரமேட்டியாரைப் படகில் ஏற்றி, வேடிக்கை பார்க்க மந்திரியோடு தானும் ஏறினார். அக்கரைத் துறைக் காவலர் வணங்கிவிட்டு, மந்திரி அனுப்பிய சட்டப் பிரதியை எடுத்து வரி விடாமல் படித்தார். நீர்நாய் பிடிக்க வந்திருக்கும் பரமேட்டியாரைப் பிறந்ததிலிருந்து அறிந்தவர் இங்கே நாலு பேர் உண்டா என்றார்.

ஒருவருமில்லை. கூட்டத்தில் நின்ற வேம்பனைப் பார்த்து, "நீயாவது இவரை அறிவாயாப்பா?" என்று கேட்டார் காவலர்.

"எப்படிங்க சொல்றது? ரெண்டு மாசம் இவர் எதிர்லதான் நின்னேன். ஒருநாளும் இவர் நிமிர்ந்து பாக்கல. எனக்குத் தெரிஞ்சது இவரோட உச்சந்தலை மட்டும்தான். குனியச் சொல்லுங்க, அடையாளம் காட்டறேன்."

ராஜா சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. நாலு சாட்சி விதியை அங்கேயே ரத்து செய்தார். வேம்பனுக்கு தன் நாட்டு ஆற்றிலும் பொறி வைக்க உரிமை தந்தார். மந்திரிக்குத் தன் தோள் சால்வையைப் போர்த்தினார். பிறகு பரமேட்டியாரிடம் ஓலையும் எழுத்தாணியும் நீட்டினார்.

"அனுமதியை நீரே எழுதும். இவன் முகத்து அங்க அடையாளங்களோடு."

அதை நிமிராமல் எழுத முடியாது. பரமேட்டியார் மெல்லத் தலையைத் தூக்கினார்.