அரைச் சொட்டு ரத்தமும் அரைக் குளமும்

காட்டுக்குள் ஒரு குளம். அதில் கல்லோடன் என்று ஓர் ஆமை இருந்தது. குளத்தின் மண்கரையைக் காட்டுப்பன்றிகள் காவல் காத்தன. பன்றிகளுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. மூளை அவ்வளவு இல்லை.

கரை முழுக்க இலுப்பை மரங்கள். கொட்டைகள் தண்ணீரில் விழுந்து ஊறினால் எண்ணெய் படியும். மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும். அதனால் மீன்கள் கொட்டைகளைக் கல்லோடன் முதுகில் ஏற்றிவிடும். அது கரையேறி, தூரத்துக் குழியில் கொட்டிவிட்டு வரும். வழியில் பன்றிகள் அதன் எண்ணெய் ஓட்டில் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும். அரிப்பு அடங்கும். கோபமும் அடங்கும். அதனால், சுமை தூக்கி வருகிறவனைச் சோதிக்கக்கூடாது என்பது அங்கே வழக்கம்.

ஒரு கோடையில் ஓர் அட்டை வந்தது. விரல் நீளம்கூட இல்லை.

“அண்ணே, கரை மேல தனியாப் போனா பன்னி மிதிச்சிடும். உங்க வயித்துக்கு அடியில ஒட்டிக்கிட்டு வரட்டுமா?”

“என் ஓட்டுல உன் பல்லு இறங்காது, தெரியுமில்ல?”

“எதுக்கண்ணே இறங்கணும்? குளத்துலயே உங்களுக்கு இருக்கிற மரியாதை யாருக்கு இருக்கு? உங்களை யாரும் புரட்டிப் பார்க்க மாட்டாங்க!”

கல்லோடனுக்கு இது பிடித்தது. உண்மை என்பதால் இன்னும் பிடித்தது. ஏற்றிக்கொண்டது.

அன்றும் பன்றிகள் வரிசையாக வந்து தேய்த்தன. பன்றித் தலைவன் கோரையன் தேய்க்கும்போது அட்டை எட்டி ஒரு வாய் ரத்தம் குடித்தது. மறுபடி வயிற்றடியில் பதுங்கியது. ஆனால் அதன் வழுவழுப்பு எண்ணெயோடு கலந்து எல்லாப் பன்றிகள் மேலும் அப்பிவிட்டது. எந்தப் பக்கம் மோந்தாலும் அட்டை நாற்றம்.

“அட்டைப் படை புகுந்திருச்சு! கரைக்குள்ள ஒளிஞ்சிருக்கு! தோண்டுங்கடா!” என்று கத்தியது கோரையன்.

தோண்டின. நன்றாகவே தோண்டின. கரையில் தண்ணீர் கசிந்தது, பிறகு ஓடியது.

குளத்து நீர்ப்பறவையான நாமக்கோழி ஒன்று பறந்து வந்தது. “ஏய்! அது கரை!”

“தெரியும்! கரையைத்தான் காப்பாத்துறோம்!”

“ஆமையைச் சோதிச்சீங்களா?”

“அது நம்ம ஆளு!”

கல்லோடன் எல்லாவற்றையும் கேட்டது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. சொன்னால் மரியாதை போகும். சொல்லாவிட்டால் குளம் போகும். மழைக்கு இன்னும் இரண்டு மாதம். உடைப்பு வழியாக மீன்குஞ்சுகள் அடித்துச் செல்லப்படுவது உள்ளிருந்தே தெரிந்தது.

அது சுமையைக் கவிழ்த்தது. சரிவில் உருண்டு மல்லாந்து விழுந்தது.

“நிறுத்துங்க! நான்தான் தூக்கிட்டு வந்தேன்! பாருங்க!”

வயிற்றில் ஓர் அட்டை. ஒன்றே ஒன்று.

“இது மட்டும்தானா? நாத்தம் ஒரு படைக்கு உண்டானதா இருந்துச்சே!” என்றது கோரையன்.

“அதை நீங்களே உடம்பெல்லாம் பூசிக்கிட்டீங்க” என்றது அட்டை. “நான் குடிச்சது அரைச் சொட்டு. குளத்தைக் கொட்டினது நீங்க.”

கோரையன் காலைத் தூக்கியது.

“அப்புறம் மிதிக்கலாம்!” என்று அலறியது நாமக்கோழி. “முதல்ல போய் உடைப்புல படு!”

கோரையன் படுத்தது. பெரிய உடம்பு, உடைப்பு அடைத்துக்கொண்டது. மற்றப் பன்றிகள் மண்ணைத் தள்ள ஆரம்பித்தன. அட்டை நிதானமாக ஊர்ந்து வந்து கோரையனின் காதில் ஏறியது.

“கோபம் வரலையா? எழுந்து உதறேன்!”

“வருது. எழுந்தா தண்ணி போயிடும். குடிச்சுத் தொலை!”

காது துடித்தது. உடம்பு அசையவில்லை. வயிறு நிறைந்ததும் அட்டை தானாகவே கீழே விழுந்தது. அட்டை அப்படித்தான். யாரும் எதையும் தோண்ட வேண்டியதில்லை.

சாயங்காலத்துக்குள் கரை அடைபட்டது. பாதித் தண்ணீர் மிஞ்சியது. பாதி மீனும். மறுநாளிலிருந்து பன்றிகள் கல்லோடனைத் தினமும் புரட்டிப் பார்த்துத்தான் அனுப்பின. அது மல்லாந்து, வானத்தைப் பார்த்தபடி பொறுமையாகக் கிடந்தது.

டெங்குக் காய்ச்சலிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது: கிருமியின் புரதம் ஒன்று, ரத்தத்தில் கொழுப்பு சுமக்கிற நல்ல துகளில் ஒட்டிக்கொண்டு போகிறது, அதைக் கண்டு உடம்பின் காவல் அணுக்கள் வெறிபிடித்துக் கிளம்புகின்றன, அந்த வெறியில் ரத்தக் குழாயே கசியத் தொடங்கிவிடுகிறது.

நீதி: நம்பிக்கையானவனையும் ஒரு தடவை சோதித்துக்கொள், ஏனென்றால் கண்மூடித்தனமான ஆத்திரம் உள்ளே வந்த எதிரியைவிட அதிகமாக அழிக்கும்.