கல்லுக்கு உறை ஊத்தின கதை

ஒழுங்கா ‘ம்’ கொட்டணும். கொட்டலேன்னா கதை அங்கேயே நின்னுடும். அத்தை ரெண்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பணும், அதுக்குள்ள நீ தூங்கணும். சரியா?

ஒரு ஊர்ல ஒரு சாக்கடை இருந்துச்சாம். சிரிக்காத. ராசா கதை வேணும்னா உங்கப்பன்கிட்ட போய்க் கேளு. ஊர்ல எல்லார் வீட்டுத் தண்ணியும், குளிச்சது, கழுவுனது, கக்கூஸ்ல ஊத்துனது எல்லாமே, கொளகொளன்னு ஓடி, ஊருக்கு வெளியில ஒரு பெரிய வட்டத் தொட்டிக்கு வரும். தொட்டி நிறைய கருங்கல்லு. மேல ஒரு குழாய் சுத்திச் சுத்தி அந்த அழுக்குத் தண்ணிய சளசளன்னு தெளிக்கும். மேல கறுப்பா போறது கீழ தெளிஞ்சு வரும்.

“யாரு தெளிய வெச்சா?”

அதுதான் ஊர்ல யாருக்கும் தெரியல. கல்லு மேல மட்டும் வழவழன்னு பழுப்பா ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும். தொட்டா சீன்னு கையை உதறுவ.

அப்போ அங்க புதுசா ஒரு பொண்ணு வேலைக்கு வந்தா. சுத்தக்காரி. வீட்டு அடுப்பையே நாளைக்கு மூணு தரம் தேய்ப்பா. பெரிய ஆபீசர் பாக்க வர்றார்னு சேதி வந்துச்சு. கூட வேலை பாக்குற அந்தோணி அண்ணன் மக கல்யாணத்துக்கு லீவு. இவ தொட்டிய எட்டிப் பாத்தா. “ஐயய்ய, இவ்ளோ அசிங்கமாவா வெச்சிருப்பாங்க?” மூட்டை மூட்டையா பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, ரெண்டு நாளா சர்ரு சர்ருன்னு பீச்சியடிச்சுக் கழுவிட்டா. கல்லெல்லாம் பளிச்! ஆபீசர் வந்தார், “பேஷ்”னார், போயிட்டார். ம்?

“ம்...”

அப்புறம் பாத்தா, கறுப்பா போன தண்ணி கறுப்பாவே வருது! குபுகுபுன்னு நாத்தம். அந்தத் தண்ணி போற வாய்க்கால்லதான் சடையம்மா முந்நூறு வாத்து மேய்ச்சுக்கிட்டிருந்தா. ஒரு வாரத்துல வாத்துங்க கழுத்துத் தொங்கித் தொங்கி பொத்து பொத்துன்னு விழுந்துச்சு. சடையம்மா ஒரு வாத்தைத் தூக்கிட்டு வந்து அந்தப் பொண்ணு மடியில வெச்சா. திட்டல. “தண்ணிய என்னம்மா பண்ணீங்க?”ன்னு மட்டும் கேட்டா. வாத்து மடியிலேயே செத்துப் போச்சு. அந்தப் பொண்ணுக்கு சோறு இறங்கல.

அவ சுண்ணாம்பு கொட்டிப் பாத்தா. வாத்து கிட்ட வந்துச்சு, மூக்கை நீட்டுச்சு, “க்வாக்!” திரும்பிடுச்சு. படிகாரம் கரைச்சு ஊத்துனா. தண்ணி பாக்கத் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு, ஆனா நாத்தம் போகல. வாத்து வந்துச்சு, “க்வாக்!” திரும்பிடுச்சு.

சடையம்மா சொன்னா, “பதினஞ்சு நாள் பட்டியில அடைச்சு வெச்சுப் பாக்குறேன் தாயி. அப்புறம் வேற ஊருக்கு ஓட்டிட்டுப் போயிடுவேன். இந்த வெயில்ல நடந்தா பாதி கூட மிஞ்சாது.” அந்தப் பொண்ணு தினம் குடம் குடமா போர் தண்ணி சுமந்து பட்டிக்கு ஊத்துனா.

வாத்தை அடைச்ச அன்னைக்கே அந்தோணி அண்ணன் திரும்பி வந்தார். கல்லைப் பாத்தார், தலையில அடிச்சுக்கிட்டார். “அடிப்பாவி! வேலைக்காரங்களை எல்லாம் கழுவி விட்டுட்டியே!”

“இங்க நாம ரெண்டு பேருதானேண்ணே?”

“கல்லு மேல கோடி பேரு இருந்தாங்க. அந்த வழவழப்பு அவங்க கட்டுன வீடு.”

பக்கத்து ஊர்த் தொட்டியிலிருந்து ரெண்டு வாளி வழவழக் கல்லு கொண்டாந்து, நம்ம கல்லோட கலந்தார். “பாலுக்கு உறை ஊத்துற மாதிரியாண்ணே?” “அதேதான். உறையட்டும். நீ கையை வெச்சுக்கிட்டு சும்மா இரு.”

மொத நாள் ஒண்ணுமில்ல. மூணாம் நாளும் இல்ல. ஏழாம் நாள் விரலை வெச்சா, லேசா... “வழுக்குதுண்ணே!” குதிச்சா பாரு! பத்தாம் நாள் அந்த வழவழப்புல ஒரு பொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்ல காட்டினார். அம்மாடி! ஒரு பொட்டுக்குள்ள ஊரே இருக்கு. குச்சி குச்சியா, உருண்டை உருண்டையா. காம்பு மேல குட்டி மணி மாதிரி ஒண்ணு, சுருங்குது, விரியுது. மேல இருக்குறது காத்தைக் குடிச்சு அழுக்கைத் தின்னுது. அது விட்ட மிச்சத்தை இன்னொண்ணு தின்னுது. அடியில காத்தே இல்லாத இடத்துல வேற ஒரு கூட்டம். அதட்ட ஒரு மேஸ்திரி இல்ல. நாம சீன்னு தள்ளுனதை எல்லாம் தின்னு தண்ணியா குடுக்குதுங்க. இப்ப சொல்றப்பவும் எனக்குப் புல்லரிக்குது, கையைத் தொட்டுப் பாரு.

பதினஞ்சாம் நாள் சடையம்மா பட்டியைத் திறந்தா. எல்லாம் கரையில வந்து நின்னுச்சு. ஒரு கிழட்டு வாத்து மூக்கை நீட்டுச்சு. நீட்டிக்கிட்டே நின்னுச்சு. அப்புறம்... பொளக்! இறங்கிடுச்சு. பின்னாடியே சளப் சளப் சளப்னு மிச்சம் அத்தனையும்! சடையம்மா முந்தானையில மூஞ்சியப் பொத்திக்கிட்டு அழுதா. அந்தப் பொண்ணு ஓடிப் போய், வழவழன்னு கிடந்த அந்தக் கல்லைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டா.

தூங்கிட்டியா?

“அத்தை... அந்தப் பொண்ணு நீதானே?”

ம்.

வாத்து வாய்க்காலுக்குப் போச்சு, கதை கரையேறிடுச்சு. கண்ணை மூடு.