மோட்டாருக்கு மூச்சு கொடுத்த செங்கமலம்

வீரமங்கலம் ஜமீன்தாரின் புது மோட்டார் கார் நின்ற இடமெல்லாம் எண்ணெய் ஒழுக்கியது. பட்டணத்திலிருந்து காரோடு வந்திருந்த இன்ஜினீயர் ரங்கபாஷ்யம் எல்லாத் திருகுகளையும் இறுக்கிப் பார்த்தார், ஒழுகல் நிற்கவில்லை. பழியைக் கார் கழுவும் செங்கமலத்தின் மேல் போட்டார்.

"இவள் தண்ணீர் அடித்துத்தான் கெட்டது!"

"நாளைக்குள் ஒழுகல் நிற்காவிட்டால் உனக்கு வேலை கிடையாது" என்றார் ஜமீன்தார்.

செங்கமலம் இன்ஜினைக் கவனமாகப் பார்த்தாள். மேலே நீண்டிருந்த குழாயில் ஒரு தக்கை.

"எவ்வளவு இறுக்கமா அடைச்சிருக்கு! யாருங்க வச்சது?"

"நான்தான், கார் வந்த அன்றைக்கே! புழுதி புகாமலிருக்க என் யோசனை" என்று மார்தட்டினார் இன்ஜினீயர்.

அவள் தக்கையைப் பிடுங்கி எறிந்தாள். "சோத்துப்பானையை இறுக்கி மூடினா, ஆவி கஞ்சியை ஓரமாத் தள்ளிரும். இதுவும் மூச்சு விடணுமில்லே, எஜமான்?"

காரை ஊர் சுற்றி ஓட்டிவந்து, அடியில் வெள்ளை வேட்டி விரித்தார்கள். பொழுது சாயும்வரை ஒரு பொட்டு எண்ணெய் விழவில்லை.

ஜமீன்தார் வாய்விட்டுச் சிரித்தார். "இனி இந்தக் கார் உன் பொறுப்பு!"

செங்கமலம் தலைநிமிர்ந்து நின்றாள். "சரிங்க எஜமான். அப்ப கழுவுறதுக்கு ஒரு ஆள் வேணும். இன்ஜினீயர் ஐயா சும்மாத்தானே இருக்காரு?"