தண்ணீர் குறையாத செப்புக்குடம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பெயர் மட்டும் சொல்கிறேன், கீர்த்திகேசரி. நல்ல மனுஷன்தான். ஆனால் வெயில் ஏற ஏற அவருக்கு ஏதாவது ஒன்று தோன்றிவிடும், ஊர் கிடந்து அவஸ்தைப்படும்.

அந்த வருஷம் பங்குனி பிறந்ததும் ராஜா குளத்தில் படகு விட்டார். படகு கொஞ்ச தூரம் போய்த் தரைதட்டி நின்றுவிட்டது. கரையில் நின்ற அரண்மனைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முழங்கால் சேறோடு கரையேறிய ராஜா, "குளத்துத் தண்ணீர் எங்கே போயிற்று?" என்று கத்தினார்.

பக்கத்தில் தலைமை மந்திரியான பிரதானி விருத்தகிரி நின்றார். ராஜா தும்மினால் இவர் போர்வையைப் போர்த்திக்கொள்வார், அப்படிப்பட்ட ஆசாமி. "மகாராஜா, ஊர் ஜனங்கள் கொல்லையிலே கத்தரி, வெண்டை என்று போட்டு, குடம் குடமாகக் கொண்டுபோய் மண்ணிலே கொட்டுகிறார்கள். கொட்டிய தண்ணீர் திரும்பி வருகிறதா? இல்லையே!" என்றார்.

"அப்படியா சேதி! இனி மழை விழும்வரை செடிக்கென்று ஒருவரும் குளத்தில் ஒரு சொட்டு எடுக்கக் கூடாது" என்று ராஜா உத்தரவு போட்டார்.

அரண்மனையில் விகடகவி ஒருவன் இருந்தான், அம்பலக்கூத்தன். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். தன்னைச் சிரிக்க வைக்க ஊரில் ஒருவரும் இல்லையே என்பது அவன் குறை. உத்தரவு வந்து நாலைந்து நாள் கழித்து, ஒரு காலையில் அவன் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கீரைக்காரி பொன்னுருவி வாசலில் வந்து கூடையைத் தொப்பென்று வைத்தாள். கூடையில் வாடிச் சுருண்ட தண்டுக்கீரை கொஞ்சம் கிடந்தது.

"சாமி, இதைப் பாத்தீங்களா? இதைக் காசு குடுத்து எவ வாங்குவா? நாலு புள்ளைங்களும் நானும் இந்தப் பாத்தியை நம்பித்தான் கெடக்கோம். ராசாகிட்ட சிரிக்கச் சிரிக்கப் பேசுறீங்களே, இதையும் கொஞ்சம் பேசுனா என்ன, நாக்கா தேஞ்சுடும்?"

கூத்தனுக்குச் சுருக்கென்றது. வாயைக் கொப்புளித்துவிட்டு நேரே சபைக்குப் போனான்.

"பிரபு, மண்ணில் ஊற்றினால்தானே தண்ணீர் வீணாகிறது? பத்துக் குடம் குடிக்கிற பாத்தியை ஒரே குடத்தில் காய்க்க வைத்துக் காட்டுகிறேன். காட்டினால் ஊர் ஜனங்களுக்கும் பாத்திக்கு ஒரு குடம் அனுமதி கொடுங்கள்" என்றான்.

"காட்டாவிட்டால்?" என்று குறுக்கே பாய்ந்தார் விருத்தகிரி. "மகாராஜா, கூத்தர் தோற்றால் யானைக் கொட்டிலில் லத்தி அள்ளட்டும். ஊரிலுள்ள கொல்லைத் தோட்டங்களை எல்லாம் கொத்திப் போட்டுவிடலாம். இன்னொன்று. அவர் செய்வதை அடியேனும் செய்வேன். அரண்மனைத் தோட்டத்தில் கத்தரியும் வெண்டையும் நட்டிருக்கிற பாத்தியில் ஆளுக்கொன்று கொடுங்கள். தினம் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர். சித்திரைப் பௌர்ணமி விருந்தன்று யார் கெட்டிக்காரர் என்று தாங்களே தீர்ப்பளியுங்கள்."

"பலே!" என்று ராஜா தொடையைத் தட்டினார். அவருக்குப் போட்டி என்றால் பாயசம் மாதிரி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கூத்தன் தலையில் அடித்துக்கொண்டான். ஒரு குடம் என்று சொல்லியாகிவிட்டது. எப்படி? அது அவனுக்கே தெரியாது. அவன் மனைவி உலகம்மை விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு கருவேப்பிலைக் கன்னை நட்டுப் பொழைக்க வச்சிருக்கீங்களா உங்க ஆயுசுல? ஊர்த் தோட்டத்தையெல்லாம் பணயம் வச்சிட்டு வந்திருக்கீங்களே!"

"தெரியாமச் சொல்லிட்டேன்டி. ஏதாவது வழி சொல்லு."

"நல்லா இருக்குடா சாமி, வாய் உங்களுது, வழி என்னுதா?" என்றாள். சொல்லிக்கொண்டே தண்ணீர் மொள்ளப் போனவள் அங்கேயே நின்றாள். மூலையில் மணல் பரப்பி அதன்மேல் வைத்திருந்த புதுப் பானை வியர்த்துக்கொண்டிருந்தது. அந்த ஈர மணலில், யாரும் விதைக்காமல், ஒரு முளைக்கீரைச் செடி தளதளவென்று நின்றது. கொல்லையில் எல்லாம் கருகிக் கிடக்க, இதற்கு மட்டும் என்ன வந்தது என்று இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

கூத்தன் துள்ளிக் குதித்தான். அடுக்களையில் கிடந்த பழைய குழம்புச் சட்டிகளை வாரிக்கொண்டு போய்த் தன் பாத்தியில் கழுத்துவரை புதைத்துத் தண்ணீரை ஊற்றினான். நாட்கள் போயின. சட்டியில் தண்ணீர் அப்படியே இருந்தது, செடி தொங்கிப்போனது. கோபத்தோடு வீட்டுக்கு வந்தவனை உலகம்மை இன்னும் பெரிய கோபத்தோடு எதிர்கொண்டாள்.

"என் சட்டியைக் காணோம்னு தேடிக்கிட்டிருக்கேன்! எண்ணெய் ஏறி ஏறி இறுகின சட்டியில எப்படிங்க கசியும்? கசியக் கூடாதுன்னுதானே கஞ்சித் தண்ணி ஊத்திப் பழக்கி வச்சிருக்கேன்! புதுப் பானை வேணும். பானை வனையற வேளார் வீட்டுல போய்ச் சூளையிலேருந்து எடுத்ததை அப்படியே வாங்கிட்டு வாங்க."

வாங்கி வந்தான். பாத்தி நெடுகச் சின்னச் சின்னப் பானைகளைக் கழுத்துவரை மண்ணுக்குள் இறக்கி, ஒரு குடத் தண்ணீரைப் பகிர்ந்து ஊற்றி, வெயில் உறிஞ்சாதபடி மேலே ஓட்டுச் சில்லால் மூடி, சுற்றிலும் சருகைப் பரப்பினான். மண் காயக் காயப் பானை கசிந்தது. மண் நனைந்திருந்தால் பானையும் சும்மா இருந்தது. செடிகளின் வேர் பானையைத் தேடி வந்து கட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் கத்தரி நிமிர்ந்தது, வெண்டை பூவிட்டது. கூத்தனுக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடாவைக் கெடுக்க விருத்தகிரி வந்து சேர்ந்தார். பானைகளைக் குனிந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"ஓய் கூத்தரே, அரண்மனைத் தோட்டத்தில் மண்பானையா? மகாராஜாவின் மானம் என்னாவது? என் பாத்தியில் செப்புக்குடம் புதைக்கிறேன், பாரும்."

கூத்தன் நல்லபடியாகவே சொன்னான். "ஐயா, செம்பு கசியாது. கசிந்தால்தான் செடிக்குத் தண்ணீர்."

"கசியாததுதானே ஐயா செம்பின் பெருமை! ஒழுகுகிற பாத்திரத்தை மனுஷன் வாங்குவானா? எனக்கே யோசனை சொல்கிறீரா?"

கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். விருத்தகிரி காதில் ஏறவில்லை. எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று கூத்தன் விட்டுவிட்டான். பளபளவென்று புளி போட்டுத் துலக்கிய குடங்கள் மூடியோடு பக்கத்துப் பாத்தியில் புதைந்தன.

விருந்துக்கு முதல் நாள் ராஜா தோட்டத்தைப் பார்க்க வந்தார். கூத்தன் பாத்தியில் கத்தரி கொத்துக் கொத்தாகத் தொங்கியது. விருத்தகிரியின் பாத்தியில் செடிகள் காய்ந்து மண்ணைப் பார்த்துத் தொங்கின. இதற்குமேல் தீர்ப்பு எதற்கு என்று கூத்தன் நிம்மதியாக நின்றான்.

ராஜா செடியைப் பார்க்கவில்லை. நேரே குனிந்து பானைக்குள் பார்த்தார். அன்றைய தண்ணீர் இன்னும் ஊற்றவில்லை. அடியில் கொஞ்சம்தான் மிச்சம். செப்புக்குடத்தின் மூடியைத் திறந்து பார்த்தார். விளிம்புவரை நின்ற தண்ணீரில் அவர் முகமே தெரிந்தது. மீசையைத் திருகிவிட்டுக்கொண்டார்.

"பிரதானி! உம்முடைய குடத்தில் தண்ணீர் குறையவே இல்லையே!"

"ஒரு துளிகூட இல்லை மகாராஜா! முதல் நாள் ஊற்றியது, இன்றுவரை அப்படியே."

"கூத்தா, உன் பானைத் தண்ணீர் எங்கே போயிற்று?"

"செடி குடித்துவிட்டது பிரபு. அதற்குத்தானே ஊற்றினேன்!" என்றான் கூத்தன். குரல் கொஞ்சம் உயர்ந்தேவிட்டது. "பிரதானியார் செடிகளைப் பாருங்கள், தலை தொங்கிக் கிடக்கின்றன."

விருத்தகிரி கைகட்டிச் சொன்னார். "மகாராஜா, தாங்கள் வருகிறீர்கள் என்று என் செடிகள் தலைவணங்குகின்றன. கூத்தருடையவை எப்படி விறைத்துக்கொண்டு நிற்கின்றன, பாருங்கள்! மரியாதை தெரியாத செடிகள்."

ராஜா முகம் மலர்ந்துவிட்டது. "உண்மை! தண்ணீரைக் காத்தவர் பிரதானி. அவரே ஜெயித்தார். விருந்து முடிந்ததும் கொல்லைகளைக் கொத்தச் சொல்லுங்கள்."

கூத்தனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சுவரில் போய் முட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது. பொன்னுருவியின் முகத்தில் எப்படி விழிப்பது? பல்லைக் கடித்து எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு கும்பிட்டான்.

"தீர்ப்பு சரிதான் பிரபு. ஒரே ஒரு விண்ணப்பம். ஜெயித்த தோட்டத்து விளைச்சலைத்தானே விருந்தில் பரிமாற வேண்டும்? அதுதானே பிரதானியாருக்கு மரியாதை? வேறு எந்தத் தோட்டத்துக் காயும் தங்கள் இலையில் விழக் கூடாது. தோற்ற நானே என் கையால் பரிமாறுகிறேன்."

விருத்தகிரி என்னவோ சொல்ல வாயெடுத்தார். "ஆகட்டும்!" என்று ராஜா அதற்குள் முந்திக்கொண்டார்.

மறுநாள் விருந்து. தலைவாழை இலை போட்டு, சுடச்சுடச் சோறு வைத்து நெய்யும் ஊற்றியாயிற்று. மேளம் முழங்க, குடை பிடிக்க, ஒரு செப்புக்குடத்தைச் சுமந்துகொண்டு கூத்தன் வந்தான். அகப்பையால் மொண்டு ராஜாவின் இலையில் கறி வைக்கிற இடத்தில் தண்ணீரை ஊற்றினான். அது ஓடிச் சோற்றை நனைத்தது.

"என்னடா இது?"

"பிரதானியார் தோட்டத்துப் பொரியல், பிரபு. ஒரு துளி குறையாமல் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டும் இருக்கிறது" என்று சொல்லி, ஒரு காய்ந்த கத்தரிக் குச்சியைப் பக்கத்தில் வைத்தான். "மரியாதை தெரிந்த செடி. கடைசிவரை நிமிரவே இல்லை."

ராஜாவுக்குப் பசி. பசியில் கோபம் இரட்டிப்பாக வந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவர் மூக்கை உறிஞ்சினார். எங்கிருந்தோ எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு மணந்தது. பார்த்தால், பந்தியின் கடைசியில் கூத்தனின் இலை. அதில் குழம்பு, வெண்டைக்காய்ப் பொரியல், நெய் மிதக்கிற சோறு.

"அது என்ன?"

"அது தோற்ற தோட்டத்துக் காய். தங்கள் இலைக்கு லாயக்கில்லாதது."

"கொண்டு வா இங்கே!"

கூத்தன் கொண்டுவந்து வைத்தான். ராஜா ஒரு கத்தரிக்காயை வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொன்றையும் போட்டுக்கொண்டார்.

"பிரபு," என்றான் கூத்தன், "நேற்று என் பானைத் தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்டீர்களே. அந்தத் தண்ணீரைத்தான் இப்போது மென்றுகொண்டிருக்கிறீர்கள்."

ராஜா மெல்லுவதை நிறுத்தினார். இலையில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார், காய்ந்த குச்சியைப் பார்த்தார், கையிலிருந்த கத்தரிக்காயைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் புரையேறி, தலையில் தட்ட ஆள் வரவேண்டியதாயிற்று.

"பிரதானியாரே, உம்முடைய தோட்டம்தான் ஜெயித்தது, நான் பேச்சு மாறமாட்டேன். கூத்தா, அந்தக் குடம் முழுவதையும் அவர் இலையிலேயே பரிமாறு! கொல்லைத் தோட்டங்களை ஒருவரும் கொத்திப் போடக் கூடாது. பாத்திக்கு ஒரு குடம், இன்றிலிருந்தே. ஊருக்கு வேண்டிய பானையை எல்லாம் அரண்மனைச் செலவில் வேளாரிடம் சொல்லிச் செய்து கொடுங்கள்" என்று சொல்லி, கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தனுக்குப் போட்டார்.

அன்று மாலை கூத்தன் மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தபோது, பொன்னுருவி ஒரு புதுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள். நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"முத்துமாலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சாமி. பொழுது சாயறதுக்குள்ள வந்து ஒரு குழி தோண்டிக் குடுங்க. என் கீரை காத்துக்கிட்டிருக்கு."

கூத்தன் மாலையைக் கழற்றி உலகம்மை கையில் கொடுத்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போனான்.