கூன்வண்டின் பட்டினி

ஏரிக்கரை மடத்தில் தாண்டவராயருக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குரு சிவகாமி அம்மைக்கு நாற்பத்தைந்து. வரும் தைப்பூசத்திலாவது அம்மை கையால் காவி வாங்கிவிட வேண்டும் என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார்.

"எல்லாத்தையும் விட்டுட்டேன்மா. இன்னும் என்ன பாக்கி?"

"பாப்போம்" என்பார் அம்மை. மூன்று வருஷமாக அதே பதில்தான்.

மடத்துக் கிழங்குத் தோட்டம் தாண்டவராயர் பொறுப்பு. போன வருஷம் கூன்வண்டு புகுந்து சர்க்கரைவள்ளியைத் துளைத்தெடுத்துவிட்டது. அவித்த கிழங்கு வாயில் வைக்க முடியாமல் கசந்தது. அத்தனையையும் குழியில் கொட்டி மூடியபோது அவர் அழுதேவிட்டார்.

அப்படிப்பட்டவரிடம் வேளாண்மை அலுவலர் ஒருவர் வந்து ஒரு டப்பாவை நீட்டினார். உள்ளே இன்னொரு வகைக் கூன்வண்டுகள்! ஏரியை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையைத் தின்பதற்காம்.

தாண்டவராயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மையிடம் போனார்.

"தாமரை தீந்துபோச்சுன்னா இதுங்க எங்கம்மா போகும்? நேரா நம்ம தோட்டத்துக்குத்தான் வரும்."

அம்மை வாதாடவில்லை. டப்பாவிலிருந்து பத்து வண்டுகளைப் பிடித்து ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டார். ஈரத்துணி, ஒரு துண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நாலைந்து வள்ளி இலை. ஜாடியின் வாயை வலைத்துணியால் கட்டினார்.

"நீங்களே பாத்துக்குங்க."

தினமும் காலையில் தாண்டவராயர் கிழங்கை மாற்றினார். ஒன்றில்கூடக் கடித்த தடம் இல்லை. பன்னிரண்டாம் நாள் ஆறு வண்டுகள் செத்துக் கிடந்தன. மனசு கேட்காமல், மீதி நாலையும் ஆகாயத்தாமரை இலைமேல் எடுத்து விட்டார். தள்ளாடிக்கொண்டிருந்தவை சாயங்காலத்துக்குள் இலையைச் சுரண்டத் தொடங்கிவிட்டன.

டப்பாவில் ஆகாயத்தாமரை இலை தின்று கொழுத்திருந்த மற்ற வண்டுகளையும் அவரே ஏரியில் விட்டுவிட்டு அம்மையிடம் ஓடினார். கண் கலங்கியிருந்தது.

"சாப்பாடு பக்கத்துலயே கிடந்தும் தொடாமச் செத்துச்சும்மா. என்ன வைராக்கியம்!"

"வைராக்கியமா? அதுக்கு அது சாப்பாடே இல்லயே ஐயா."

தாண்டவராயர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது இருக்கட்டும். நீங்க காபிய விட்டு எத்தனை நாளாச்சு?"

"ஆயிரத்து எழுபத்திமூணு நாளும்மா." அவர் யோசிக்கவே இல்லை.

"அந்தக் கணக்கு மறந்துபோற அன்னைக்கு வாங்க, காவி தர்றேன்."