நிரப்ப முடியாத இரண்டு இடங்கள்

சுண்டையூர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாராளமாக இருக்கிறது. அடிக்கடி எடுத்துப் புழங்கினால் தேய்ந்துபோகுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் அந்த ஊரில் மைக்செட் கட்டுகிறவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எத்தனையோ கூத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் கல்லூரிக் கபடி மைதானத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சாப்பிடும்போது புரையேறுகிறது.

சுண்டையூர்க் கல்லூரிக் கபடி அணியில் ஒரு காலத்தில் மாசானமுத்து என்று ஒருவர் கொடிகட்டிப் பறந்தார். அவர் படிப்பை முடித்துக்கொண்டு (மரியாதைக்குத்தான் 'முடித்துக்கொண்டு' என்கிறேன்) போன அடுத்த வருஷம் லூர்துராஜ் என்று ஒருவர் வந்தார். அவரும் கொடிகட்டிப் பறந்தார். இரண்டு பேருமே பாடிப் போவதில் சூரர்கள். பட்டணத்துக்காரர்கள் யாராவது 'எந்த ராகம்?' என்று கேட்டுவிடாதீர்கள். 'கபடி கபடி' என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு எதிராளி கட்டத்துக்குள் போய், ஆளைத் தொட்டு அவுட்டாக்கிவிட்டுத் திரும்பி வருவதைத்தான் எங்கள் பக்கம் பாடுவது என்போம்.

இவர்களில் யார் பெரிய ஆள் என்பதுதான் ஊர்ப் பிரச்சினை. இரண்டு பேரும் ஒருநாள்கூடச் சேர்ந்தோ எதிர்த்தோ ஆடியதில்லை. அதனால் சண்டைக்கு முடிவே கிடையாது, ரசிகர் மன்றத்துக்கும் வேறு வேலை கிடையாது. மாசானமுத்து கட்சிக்குத் தலைவர் தையல்கடை கோமதிநாயகம். லூர்துராஜ் கட்சிக்கு சைக்கிள்கடை சேவியர். நடுவில் சொரிமுத்து என்று ஒருவர். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர் கட்சியில் இருப்பார்.

"மாசானமுத்து பாடிப் போனா எதிர்ல நிக்கவன் அத்தன பேரும் கதிகலங்கிப் போவான்வே" என்பார் கோமதிநாயகம்.

"லூர்துராஜ் பாடிப் போனா எதிர்ல ஆளே நிக்க மாட்டான்" என்பார் சேவியர்.

"அது மத்தியானம்வே. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தானுவ."

"சாப்பிடப் போனாலும் பயந்துட்டுத்தானவே போனானுவ?"

"பயந்தா பசிக்காதே" என்பார் சொரிமுத்து. உடனே இரண்டு கட்சியும் தலையைச் சொறிந்துகொண்டு அதை யோசிக்க உட்கார்ந்துவிடும்.

இப்படியே போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் மைதானத்து ஓரமாகக் கல்லூரியில் புதிதாக ஒரு கேலரி கட்டினார்கள். பிரின்சிபால் தமயந்தி மேடம் நல்ல மனுஷி. பாவம், வெளியூர். அவர் மன்றத்துக்காரர்களைக் கூப்பிட்டு, "கேலரிக்கு உங்க வீரர் பேரையே வச்சிரலாம். ஆனா ஒரே பேருதான். ரெண்டு பேருல யாரு இந்தக் காலேஜுக்கு என்ன விட்டுட்டுப் போயிருக்காங்கன்னு நல்லாப் பாத்து, எல்லாரும் ஒருமனசா வந்து சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை திறப்பு விழாவுக்குள்ள சொல்லலைன்னா சிமெண்ட் குடுத்த முதலாளி பேரு வச்சிருவோம்" என்றார்.

வெளியே வந்ததும் கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ஊருக்கே பேரு வாங்கிக் குடுத்த மனுசன்வே. ஒரு செவுத்துல அவரு பேரு இல்லன்னா நாமெல்லாம் எதுக்குக் கைதட்டுனோம்?" என்றார். சேவியரும் மூக்கை உறிஞ்சினார். அவருக்கும் அதே துக்கம்தான், வேறு பேருக்கு.

அப்புறம் இரண்டு பேரும் நேரே கல்லூரி ஸ்டோர் ரூமுக்குப் போனார்கள்.

"விட்டுட்டுப் போனத எடும்" என்றார்கள் வாட்ச்மேனிடம்.

வாட்ச்மேன் ஒட்டடையைத் தள்ளிவிட்டுத் தேடினார். மாசானமுத்து விட்டுச் சென்றது ஒரு முழங்கால் பட்டையும் பாதி சோப்பும். லூர்துராஜ் விட்டுச் சென்றது சீட் இல்லாத ஒரு சைக்கிள். சேவியர் அந்தச் சைக்கிளைக் கட்டிப்பிடித்து அழுதே விட்டார். பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். சைக்கிள் பக்கம் தராசு தரையில் இடித்துக்கொண்டு நின்றது.

கோமதிநாயகம் சளைக்கவில்லை. சோப்பு ஊறினால் கனம் கூடும் என்று கணக்குப் போட்டு, வாளித் தண்ணீரில் போட்டு வைத்தார். காலையில் எழுந்து பார்த்தால், மாசானமுத்து இந்த உலகத்துக்கு விட்டுச் சென்றதில் பாதி நுரையாகப் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சொரிமுத்து ஆபீஸ் கிளார்க்கிடம் விசாரித்துவிட்டு ஓடி வந்தார். "அண்ணாச்சி, மாசானமுத்து பன்னெண்டு பேப்பர் அரியர் விட்டுட்டுப் போயிருக்காராம்!"

"பேப்பரா? அப்பம் எடைக்குப் போட்டுரலாம்லா!" என்று துள்ளினார் கோமதிநாயகம். இரண்டு கட்சியும் கல்லூரி ஆபீசுக்குக் கோணிச்சாக்கோடு போய் நின்றது. கிளார்க் என்ன சொல்லி அனுப்பினார் என்பதை நான் எழுதினால் நன்றாக இருக்காது.

வேறு வழியில்லாமல், அந்தக் காலத்தில் இருவருக்கும் பயிற்சி கொடுத்த பால்துரை சாரைத் தேடிப் போனார்கள். அவர் சலூன் நாற்காலியில், பாதி முகத்தில் நுரையோடு, கழுத்தில் கத்தியோடு மாட்டிக்கொண்டார். ஓட முடியவில்லை.

"ஏல, ரெண்டு பேருமே பெரிய ஆளுதாம்ல" என்றார். "அவனுவ போன பொறவு அவனுவ இடத்த இன்னைய வரைக்கும் எவனாலயும் நிரப்ப முடியல. போதுமா? ஆள விடுங்கல."

சலூனுக்கு வெளியே மன்றம் கூடியது.

"கேட்டீராவே? நிரப்ப முடியலையாம்" என்றார் கோமதிநாயகம்.

"யாரு நிரப்பிப் பாத்தா?"

"நாம நிரப்பிப் பாப்போம். எவரு இடம் நிரம்பலையோ அவருதான் பெரிய ஆளு. பேச்சு மாறப்படாது."

"மாறப்படாது" என்றார் சொரிமுத்து, இரண்டு பேர் கையிலும் அடித்து.

இடம் எது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமே இல்லை. மாசானமுத்து எப்போதும் இடது மூலையில் நின்று, பாடப் போகுமுன் காலால் தரையை மிதிப்பார். அங்கே சின்னதாக ஒரு பள்ளம் உண்டு. லூர்துராஜ் வலது மூலை. அங்கேயும் ஒரு பள்ளம். சனிக்கிழமை காலையில் மணலும் கூடையுமாக மைதானத்துக்குப் போனார்கள். விடுமுறை நாள், கேட்பாரில்லை. கோமதிநாயகம் கும்பிட்டுவிட்டு மாசானமுத்து இடத்தில் மணலைக் கொட்டினார்.

அரைக் கூடையில் நிரம்பிவிட்டது.

கோமதிநாயகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அரைக் கூடையாவே? இத்தன வருசமா எவனாலயும் நிரப்ப முடியாமக் கெடந்த இடம்லாவே!"

"இத்தன வருசமா எவனும் கூடை கொண்டு வரலியோ என்னமோ" என்றார் சொரிமுத்து. இந்த ஊரில் நான் பிறந்ததிலிருந்து கேட்ட ஒரே புத்திசாலித்தனமான பேச்சு அதுதான். எல்லோரும் சேர்ந்து அவரைத் திட்டினார்கள்.

லூர்துராஜ் இடமும் அரைக் கூடைதான். சேவியர் முகத்திலும் ஈயாடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து கோமதிநாயகம் எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், மண்வெட்டியை எடுத்தார்.

"என்னவே செய்யுதீரு?"

"நாம இடத்த மேலாக்கப் பாத்துட்டோம்வே. அவரு அருமை தெரியணும்னா ஆழமாப் போகணும்."

சேவியர் விடுவாரா? அவரும் ஒரு மண்வெட்டி கொண்டு வந்தார். இவர் முழங்கால் ஆழம் தோண்டினால் அவர் இடுப்பாழம். அவர் இடுப்பாழம் போனால் இவர் கழுத்தாழம். சாயங்காலத்துக்குள் மாசானமுத்துவின் புகழ் இரண்டாள் ஆழத்துக்குப் போய்விட்டது. லூர்துராஜ் புகழ் ஒரு சாண் கூட. எடுத்த மண் கேலரிக்கு முன்னால் மலையாகக் குவிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மைக் கட்டப் போனபோது மைதானமே கிடையாது. இரண்டு கிணறு மாதிரி குழிதான் இருந்தது. தமயந்தி மேடம் காரை விட்டு இறங்கி, நின்ற இடத்திலேயே நின்றார்.

"இது என்ன?"

"இது மாசானமுத்து இடம் மேடம். அது லூர்துராஜ் இடம். விழுந்துராதிய" என்றார் கோமதிநாயகம், கையைக் கட்டிக்கொண்டு.

அதற்குள் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டிருந்த இரண்டு வீரர்களும் வந்துவிட்டார்கள். மாசானமுத்து இப்போது கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். தொந்தியும் வைத்திருக்கிறார். லூர்துராஜ் பஸ் கண்டக்டர். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "அண்ணாச்சி, நீங்கதான் பெரிய ஆளு" என்றார் லூர்துராஜ். "போல, நீதாம்ல" என்றார் மாசானமுத்து.

ரசிகர்களுக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "இவங்களுக்கு என்னவே தெரியும்? இவங்க ஆடிக்கிட்டுல்லா இருந்தாவ. பாத்தது நாமதான?" என்றார் சேவியர்.

"பேசாம ஆளையே அவரவரு இடத்துல இறக்கிப் பாப்போம்" என்றார் சொரிமுத்து.

மாலையும் கழுத்துமாக நின்ற இருவரும், இது ஏதோ புதுமாதிரி மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள். நாற்காலியில் உட்கார வைத்துக் கயிறு கட்டி இறக்கினார்கள். நானும் பின்னணிக்கு நாதஸ்வரம் போட்டுவிட்டேன். குழி விளிம்பில் கோமதிநாயகம் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். சுற்றிலும் இடம் தாராளமாகக் கிடந்தது. மேலேயும் கிடந்தது.

"நிரம்பல! அவரு இடத்த அவராலயே நிரப்ப முடியல! இதுக்கு மேல என்னவே சாட்சி வேணும்?" என்று கத்தினார்.

"எங்க ஆளாலயும் முடியலவே!" என்று அந்தக் குழி விளிம்பிலிருந்து சேவியர் கத்தினார். மறுபடியும் சமம்.

"எல, தூக்குங்கல!" என்று மண்ணுக்குள்ளிருந்து மாசானமுத்துவின் குரல் வந்தது.

"இறக்கத்தான் கயிறு வாங்கிட்டு வந்தோம் அண்ணாச்சி" என்றார் சொரிமுத்து பணிவாக. "ஏத்துறதுக்கு வேற கேட்டுட்டு வாரேன்."

புரட்டாசி முடியப்போகிற நேரம் அது. சொரிமுத்து கேட்டைத் தாண்டுவதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்து, ஒரு மழை பிடித்தது பாருங்கள், அப்பா! நாங்கள் எல்லோரும் கேலரிக்குள் ஓடினோம். "ஐயோ, குழிக்குள்ள ஆளு இருக்குய்யா! யாராவது போங்களேன்!" என்று மேடம் தலையில் அடித்துக்கொண்டார். கல்லூரி வாசலிலிருந்து ஓடிவந்த வெள்ளமெல்லாம் அந்த இரண்டு குழிகளுக்குள்தான் இறங்கியது. நாங்கள் குடை தேடி, அது கிடைத்து, அதை யார் பிடிப்பது என்று பேசி முடிப்பதற்குள் குழிகள் விளிம்பு தட்டிவிட்டன. மாசானமுத்து தொந்தி முன்னால் வர மிதந்து மேலே வந்தார். லூர்துராஜும் வந்தார். மாலையோடு கரையேறி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துப் போனார்கள்.

மழை விட்டது. கோமதிநாயகம் குழிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று சேவியரின் கையைப் பிடித்தார்.

"சேவியரு... ரெண்டு இடத்தையும் ஒத்த ஆளா நிரப்பிட்டாருவே."

"யாரு?"

"மழைவே! அது மட்டுமா? ரெண்டு பேரையும் ஒரே பாட்டுல அவுட்டாக்கி வெளிய தள்ளிட்டாருல்லா! எவனாலயாவது முடிஞ்சுதா?"

சேவியர் யோசித்தார். அப்புறம் கோமதிநாயகத்தைக் கட்டிக்கொண்டார். "ஒத்துக்கிடுதேன்வே. நம்ம ரெண்டு ஆளையும் விடப் பெரிய ஆளுதான்."

அன்றைக்குத்தான் சுண்டையூர் ரசிகர் மன்றம் முதல்முறையாக ஒருமனசாக நின்றது. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொட்டச் சொட்ட நனைந்து நின்ற மேடத்திடம் போய், "ஒரே பேரு மேடம். மழை" என்றார்கள். சொன்ன சொல் மாறாத மனுஷி. சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்றும் இருந்திருக்கும். "என்னமோ எழுதுங்கப்பா" என்று பெயிண்டரைக் கைகாட்டிவிட்டார்.

பெயிண்டர் ஏணியில் ஏறி, பிரஷ்ஷை நனைத்து, 'மழை அரங்கம்' என்று எழுதப் போனவர் திரும்பிப் பார்த்து, "வெறும் மழைன்னா எடுப்பா இருக்காதே. எந்த மழை?" என்றார்.

"இது என்னவே கேள்வி? ஐப்பசி மழை. கொஞ்சம் முன்னாடியே வந்துட்டாரு" என்றார் கோமதிநாயகம்.

"யாரு சொன்னா? இது ஆடிச் சாரலு. மிச்சம் இருந்தத இப்பம் பெஞ்சிட்டுப் போறாரு" என்றார் சேவியர்.

"சாரலா? அது வாசலோட எட்டிப் பாத்துட்டுப் போயிரும்வே. அட்டென்டென்ஸே கெடையாது!"

"உம்ம ஐப்பசி மழை ஒருநாளாவது காலேஜுக்கு வந்திருக்காவே? அது வந்தாலே லீவுல்லா விட்டுருதான்!"

மேடம் காரில் ஏறிப் போய்விட்டார். பெயிண்டர் ஏணியிலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். கடைசியில் சொரிமுத்துதான் வழி சொன்னார். "வந்தவரு உள்ளதான கெடக்காரு? அவருட்டயே கேட்டுருவோம்."

என்னிடம் மைக்கை வாங்கிக் குழித் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். "ஐயா, நீங்க ஆடியா, ஐப்பசியா?" என்றார் சொரிமுத்து. எல்லோரும் ஸ்பீக்கர் பக்கம் காதை நீட்டினார்கள். அடியிலிருந்து ஒரு குமிழி வந்து மேலே வெடித்தது. 'பொளக்' என்று ஸ்பீக்கரில் கேட்டது.

"கேட்டீராவே? ஆடின்னாரு!" என்று குதித்தார் சேவியர்.

"காதக் கழுவும்வே!" என்றார் கோமதிநாயகம். "தெளிவா ஐப்பசின்னாரு!"